சைபர் தொண்ணூற்றொன்று

ஜனவரி 19

அக்காவுக்கு,

மூக்கைத் தவிர நான் நலம். இந்த அலுவலகத்தில் சேர்ந்த நாளிலிருந்து ஃபைல் தூசியில் அது ஒழுகிக்கொண்டே இருக்கிறது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் செய்த இடத்தில் சிவப்பு குறைந்துவிட்டது. சொட்டு மருந்தை நான்தான் விடுகிறேன். உன் கழுத்து வலி எப்படி? தொழிற்சாலை விடுதியில் போனை வாங்கி வைத்துக்கொள்வதில் ஒரு நன்மை உண்டு. கடிதத்தில் நீ என்னைக் குறுக்கே வெட்ட முடியாது.

வேலை என்னவென்று கேட்டிருந்தாய். நான் படித்த அதே கணினி அறிவியல் துறையில் ஆறு மாதத்துக்குத் தற்காலிக எழுத்தர். ஜூலையில் ஆய்வுக் குழு வருகிறதாம். அதற்குள் எல்லாப் பாடங்களின் மூன்று இலக்க எண்களையும், பின்னால் ஒரு சைபர் சேர்த்து, நான்கு இலக்கமாக்க வேண்டும். முதல் இலக்கம் எந்த ஆண்டு என்பது. நடுவில் உள்ளது எந்த வகை என்பது: ஒன்று நிரல் எழுதுவது, இரண்டு இயந்திரம், மூன்று கணிதம், இப்படி எட்டு வரை. ஒன்பது என்றால் 'இதரம்'. கடைசி இலக்கம் வரிசை. 111 என்றால் முதல் ஆண்டு, நிரல், முதல் பாடம். பழைய எண், புதிய எண், காரணம் என்று மூன்று பத்திகளில் ஓர் அட்டவணை. அதுதான் என் வேலை.

துறைத்தலைவரைப் பற்றி ஒன்று மட்டும் சொல்கிறேன். பிஸ்கட்டை டீயில் முக்கித் தின்றுவிட்டு, விரலை நக்கி, அதே விரலால் மாணவர்களின் படிவங்களைப் புரட்டுகிறார். எல்லாத் தாளின் கீழ் மூலையிலும் காய்ந்த பிஸ்கட் ரேகை. நான் ஓரத்தைப் பிடித்துத்தான் தூக்குகிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.
உன் தங்கை

பிப்ரவரி 6

அடியே மூஞ்சூறு,

உன் மூக்குக்கு ஒரு கைக்குட்டை தச்சு அனுப்பியிருக்கேன். ஓரம் இரட்டைத் தையல், எத்தனை தடவை சிந்தினாலும் கிழியாது. என் கழுத்து எப்பவும் போலதான். ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் சட்டையைக் குனிஞ்சு பார்த்தா கழுத்து என்ன பாட்டா பாடும்?

எண் விஷயமெல்லாம் எனக்கு நல்லாவே புரிஞ்சது. எங்க செக்கிங் டேபிள்லயும் அதே கதைதான். டேக்ல முதல் எண் லாட், அதாவது எந்தக் கட்டுன்னு, அடுத்தது அளவு, கடைசி எண் தச்ச ஆளு. டேக்கைப் பார்த்தாலே யாரைத் திட்டணும்னு தெரிஞ்சுடும்.

ஒரு சந்தேகம். என் பக்கத்து மெஷின்காரி உங்க துறை எங்க ஊர்ல நடத்துற சனி ஞாயிறு வகுப்புக்கு விண்ணப்பம் போடப் போறா. பட்டப்படிப்புதான். கையேட்டுல பாடப் பட்டியல் இருக்கு, அதுல முதல் வரி 091. சைபர்ல ஆரம்பிக்கிற வருஷம் எது? அவளுக்கு ரொம்பக் கூச்சம், நேர்ல போய்க் கேட்க மாட்டா. நீ சொல்லு.

அம்மாகிட்ட ராத்திரி கண்ணைக் கசக்க வேண்டாம்னு சொல்லு.
அக்கா

பிப்ரவரி 17

அக்காவுக்கு,

கைக்குட்டை நனைந்து, காய்ந்து, மறுபடி நனைந்துவிட்டது. அம்மா கண்ணைக் கசக்குவதில்லை. நான் பார்க்காதபோது கசக்குகிறாளோ என்னவோ.

இங்கே மூன்று வாரமாகப் போர். செயற்கை நுண்ணறிவுக்கு நடு இலக்கம் கிடைக்கவில்லை. ஒன்று முதல் எட்டு வரை ஆள் குடியேறிவிட்டார்கள். மிச்சம் ஒன்பது. அந்தப் பேராசிரியர் கூட்டத்திலேயே மேசையைத் தட்டினார்: "நான் என்ன இதரச் செலவா? என்னைக் கொண்டுபோய் ஒன்பதுல போடுறீங்க?" வலைப்பின்னல் பேராசிரியர் சாவகாசமாகச் சொன்னார்: "சார், ஒன்பதுல காத்தோட்டமா இருக்கும்." அதற்குப் பிறகு இருவரும் ஒரே படிக்கட்டில் இறங்குவதில்லை. படித்தவர்கள், அக்கா. எட்டு என்ற ஓர் எண்ணுக்காக முகம் சிவந்து எச்சில் தெறிக்கக் கத்துகிறார்கள். ஒரு துளி என் நோட்டில் விழுந்தது. அந்தப் பக்கத்தையே கிழித்துவிட்டேன்.

உன் மெஷின்காரிக்கு: 091 வேண்டாம் என்று சொல். அது குப்பைத் தொட்டி. சைபர் என்றால் எந்த ஆண்டும் இல்லை. அந்த மதிப்பெண் பட்டத்தில் சேராது. ஒரு வருடம் அதைப் படித்துவிட்டு, மறுவருடம்தான் 111-இல் உட்கார விடுவார்கள். நுழைவுத் தேர்வு எழுதவைத்து, தேறாதவர்களை அதில் தள்ளுவார்கள். அங்கே போகிறவர்களை நடைபாதையில் 'சைபர்' என்றுதான் கூப்பிடுவார்கள். நன்றாகப் படித்துவிட்டுத் தேர்வுக்குப் போகச் சொல்.

வேளைக்குச் சாப்பிடு.
உன் தங்கை

மார்ச் 2

மூஞ்சூறு,

ஜுரம் வந்து போச்சு, இப்ப எழுந்து உட்கார்ந்துட்டேன். நீ எப்படி இருக்கே? அம்மா எப்படி?

நீ சொன்னதை அவகிட்ட சொன்னேன். கையேட்டை மூடி வெச்சா. அப்புறம், "குப்பைத் தொட்டியிலயும் யாராவது கையை விட்டுத் தேடத்தானே செய்யறாங்க"ன்னா.

கையேட்டை மறுபடி படிச்சோம். பகல் வகுப்பானாலும் சனி ஞாயிறு வகுப்பானாலும் பட்டப்படிப்பு நாலு வருஷம்னு போட்டிருக்கு. நீ படிக்கப் போனப்ப அஞ்சு வருஷம்னு சொன்னே. எல்லாருக்குமே அஞ்சுன்னு சொன்னே. கையேட்டுல அச்சுப் பிழையா?

அக்கா

மார்ச் 24

அக்காவுக்கு,

ஜுரம் என்று எழுதியிருந்தாய். மாத்திரை வாங்கினாயா, அல்லது வழக்கம் போல் வெந்நீரோடு விட்டுவிட்டாயா? அம்மா நலம். புதுக் கண்ணாடி போட்டதும் என்னைப் பார்த்து, "இவ்வளவு கறுத்துட்டியா?" என்றாள்.

எட்டு என்ற எண் பிரச்சினை தீர்ந்தது. செயற்கை நுண்ணறிவுக்கு எட்டு. எட்டில் இருந்த பாடத்தை நடத்தியவர் ஓய்வு பெற்றுவிட்டார், எதிர்க்க ஆளில்லை. அவருடைய பாடம் இதரத்துக்குப் போனது. அவர் அலமாரியைக் காலி செய்தோம். எலிப் புழுக்கை ஒரு முறம் தேறும். அதில் ஒன்று ஒரு முனைவர் பட்ட ஆய்வேட்டின் நன்றியுரையில் ஒட்டியிருந்தது.

வேறு விசேஷம் இல்லை.
உன் தங்கை

மார்ச் 31

தங்கச்சி,

மாத்திரை வாங்கினேன். எலிப் புழுக்கை சேதியை மத்தியானம் சாப்பிடும்போது படிச்சேன், ரொம்ப நன்றி.

நான் ஒண்ணு கேட்டிருந்தேன். நாலா, அஞ்சா?

அக்கா

ஏப்ரல் 5

அக்காவுக்கு,

நாலு.

எனக்கு மட்டும்தான் ஐந்து. என்னை 091-இல் போட்டார்கள். முதல் நாளே பட்டியலில் என் எண் அங்கே இருந்தது. நுழைவுத் தேர்வில் கோட்டைவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன். நீ படிப்பை விட்டுவிட்டுத் தையல் வேலைக்குப் போய் என்னை அனுப்பிவைத்திருக்கும்போது, சேர்ந்த அன்றே தோற்றுவிட்டேன் என்று எப்படிச் சொல்வேன்? எல்லாருக்கும் ஐந்து என்று சொன்னேன். ஐந்து வருடமும் அந்தப் பொய் தொண்டையில் மீன்முள் மாதிரி இருந்தது.

ஆனால் போன வாரம் அட்டவணைக்காக 091, 111 இரண்டின் பாடத்திட்டங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். ஒரே பாடம், அக்கா. ஒரே பன்னிரண்டு அத்தியாயம். வினாத்தாளும் ஒன்றுதான், தலைப்பில் எண் மட்டும் வேறு. ஏழாம் கேள்வியில் உள்ள எழுத்துப் பிழைகூட இரண்டிலும் இருக்கிறது. நடத்தியவரும் ஒருவரே. மஞ்சள் நோட்டு சார் என்போம், அவ்வளவு பழைய குறிப்புகளை வாசிப்பார். முதல் வகுப்பில் எங்களிடம், "வருத்தப்படாதீங்க, கணினியில் எண்ணிக்கையே பூஜ்யத்திலிருந்துதான் ஆரம்பிக்கும்!" என்று தானே சிரித்துக்கொள்வார். மறு வருடம் 111-இல் அதே குறிப்பை மறுபடி கேட்டேன். எனக்குத்தான் ஏதோ குழப்பம் என்று நினைத்துக்கொண்டேன்.

எங்கள் அலுவலக சூப்பிரண்டு அம்மாவிடம் கேட்டேன். டைப் அடிப்பதிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னார்: "அவருக்கு வாரத்துக்குப் பதினாறு மணி நேரம் காட்டணும். ஒரே பாடத்துக்கு ரெண்டு நம்பர் போட்டாத்தான் மணி நேரம் கட்டுப்படியாகும். இது எல்லாருக்கும் தெரிஞ்ச ரகசியம்தானே."

"அப்ப நுழைவுத் தேர்வு?"

மேல் தட்டைக் காட்டினார். நான் சேர்ந்த வருடத்து நூற்று நாற்பது விடைத்தாள்கள், சணல் கயிறு போட்டுக் கட்டியபடியே இருந்தன. முடிச்சு அவிழ்க்கப்படவே இல்லை. "யார் உட்கார்ந்து திருத்துறது? விண்ணப்பத்துல பெற்றோர் படிப்புன்னு ஒரு கட்டம் இருக்குல்ல, அதுல 'இல்லை'ன்னு இருந்தா சைபர். தலைவரோட யோசனை. வேலை சுளுவு."

நான் கயிற்றை அறுத்தேன். என் தாளை எடுத்து, உணவு இடைவேளையில் நானே பென்சிலால் திருத்தினேன். ஐம்பதுக்கு நாற்பத்து மூன்று. 

இதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டவில்லை.
உன் தங்கை

ஏப்ரல் 29

மூஞ்சூறு,

பதில் எழுத நாளாயிடுச்சு. உடம்புக்கு ஒண்ணுமில்லை, பயப்படாதே. எழுதினதை ரெண்டு தடவை கிழிச்சுப் போட்டேன்.

அந்தக் கட்டத்தை நிரப்பினது நான்தான். ஞாபகம் இருக்கா? நீ பக்கத்துல உட்கார்ந்து நகத்தைக் கடிச்சிட்டு இருந்தே. தந்தை படிப்பு: இல்லை. தாய் படிப்பு: இல்லை. என் கையெழுத்து அழகா இருக்கும்னு நான்தான் வாங்கி எழுதினேன். இறந்து போன அப்பாவுக்கு என்ன பட்டம் எழுதச் சொல்றே? உண்மையைத்தான் எழுதினேன்.

எங்க டேபிள்ல ஒரு சட்டையை ரிஜெக்ட் பண்ணணும்னா, விரிச்சுப் பார்த்து, எந்தத் தையல் விட்டுச்சோ அங்க சாக்பீஸால வட்டம் போட்டுக் காட்டணும். வட்டம் போடாம ரிஜெக்ட் டேக் மாட்டினா அன்னிக்கே வெளியே அனுப்பிடுவாங்க. சட்டைக்குக் குடுக்கிற மரியாதை. உங்க ஆளுங்க மூட்டையையே பிரிக்கலை. தூ.

நீ பொய் சொன்னதுக்கு எனக்குக் கோபம் இல்லை. அந்த வருஷத்தைப் பத்தி வேற ஒண்ணும் இல்லை. விடு.

மெஷின்காரி விண்ணப்பத்தை அனுப்பிட்டா.
அக்கா

மே 8

அக்கா,

நலமா என்று கேட்கவில்லை. கேட்டால் நலம் என்றுதான் எழுதுவாய்.

உங்கள் ஊர் விண்ணப்பக் கட்டு நேற்று வந்தது. எண் ஒதுக்கும் வேலை என்னுடையது. நாலாவது விண்ணப்பத்தை எடுத்ததுமே எழுத்து தெரிந்துவிட்டது. 'இல்லை' என்பதில் 'லை'யை அப்படிச் சுழிப்பவள் உலகத்தில் ஒருத்திதான். அம்மா பெயர், அப்பா பெயர், விடுதி முகவரி. பக்கத்து மெஷின்காரியாம்! நீ உட்காருவது மெஷினில் இல்லை, செக்கிங் டேபிளில் என்பதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

சனி ஞாயிறு வகுப்பு உன் இரண்டாவது விருப்பம்தான், முதலாவதாகப் பகல் வகுப்பைக் கேட்டிருக்கிறாய். அதன் மேல் சிவப்பு மையில் எழுதி அடித்திருக்கிறார்கள்: 'வயது வரம்பு முப்பது. நான்கு மாதம் கடந்தது.' அதை வாசித்ததும் விரல் விட்டுக் கணக்குப் போட்டேன். நான் படித்து முடித்து வேலைக்குப் போனதும், நீ வேலையை விட்டுவிட்டு முழுநேரமாகப் படிப்பது என்றுதானே நமக்குள் பேச்சு? நான் நாலு வருடத்தில் முடித்திருந்தால் போன வருடமே வேலைக்கு வந்திருப்பேன், உனக்கு அப்போது இருபத்தொன்பது. 'அந்த வருஷத்தைப் பத்தி வேற ஒண்ணும் இல்லை' என்று எழுதினாயே, அக்கா.

விண்ணப்பத்தின் மூலையில் தலைவர் ஏற்கெனவே பென்சிலால் ஒரு சைபர் போட்டுவிட்டார். பக்கத்தில் ஈரமான பிஸ்கட் ரேகை. உன் பெயரின் மேல் அவருடைய எச்சில். கைக்குட்டையால் துடைத்தேன், போகவில்லை.

அட்டவணை இந்த மாதக் கடைசியில் கூட்டத்துக்குப் போகிறது. 091-க்கு நேரே 0910 என்று போடச் சொல்லியிருக்கிறார்கள். நான் 1110 என்று போடப் போகிறேன். 111-க்கும் அதுதான் புது எண். காரணப் பத்தியில் எழுத ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. எழுதட்டுமா?

உன் தங்கை

மே 15

மூஞ்சூறு,

அம்மாவும் நீயும் சுகந்தானே? நான் சுகம். நிஜமாவே சுகம், சுழிச்ச 'லை' மேல சத்தியம்.

நீ முடிச்சு வேலைக்குப் போனதும் நான் சேரலாம்னு இருந்தேன். உனக்கு இன்னொரு வருஷம்னு சொன்னே, சரின்னு காத்திருந்தேன். சொன்னா நீ குறுகிப் போவே. அதான் மெஷின்காரியைப் பிடிச்சேன். நல்லவ அவ, பாவம், பிறக்கவே இல்லை.

எழுது. ஆனா திருட்டுத்தனமா வேண்டாம். எனக்காக நீ ஒரு எண்ணை ரகசியமா மாத்தினா, அவர் போட்ட சைபரும் நீ போட்ட ஒண்ணும் ஒரே ஜாதி. காரணத்தைப் பத்தியில எழுது. ரெண்டு வினாத்தாளையும் பின்னாடி குத்தி வை. கூட்டத்துல எழுந்து நின்னு வாசி. உனக்கு நாலு பேர் முன்னாடி நின்னா முழங்கால் ஆடும்னு எனக்குத் தெரியும். ஆடட்டும். புடவைக்குள்ளதானே ஆடுது, யாருக்குத் தெரியப்போகுது.

அக்கா

ஜூன் 1

அக்காவுக்கு,

முழங்கால் ஆடியது. மற்றபடி நலம். அம்மாவும் நலம்.

கூட்டத்தில் பதினோரு பேர். காரணப் பத்தியில் இப்படி எழுதியிருந்தேன்: 'ஒரே பாடத்திட்டம், ஒரே வினாத்தாள், ஒரே ஆசிரியர். 091 தேறியவர் 1110 தேறியவரே. இந்த ஆண்டு முதல் 091 இல்லை.' இரண்டு வினாத்தாள்களையும் பின்னால் இணைத்திருந்தேன். ஆளுக்கொரு பிரதி முன்னால் இருந்தது.

விதிப்படி அட்டவணையை வரி வரியாக வாசிக்க வேண்டும். இந்தத் துறையில் யாரும் வாசித்ததில்லை. 'வாசிக்கப்பட்டதாகக் கொள்ளப்பட்டது' என்று எழுதி ரப்பர் முத்திரையே செய்து வைத்திருக்கிறார்கள். தலைவர் முத்திரையை எடுத்ததும் நான் எழுந்தேன். "சார், 091 வரிசையை மட்டும் வாசிக்கட்டுமா?"

என் குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னேன். பதினோரு பேரும் நிமிர்ந்து பார்த்தார்கள்.

"என்னம்மா?"

"091, சார். அதுல ஒரு மாற்றம் இருக்கு. வாசிச்சுடறேன்."

"அட, சைபருக்கு என்னம்மா வாசிப்பு? முன்னாடி நிக்கிற சைபருக்கு மதிப்பே கிடையாது, நீ கணக்குப் படிச்சவதானே!" என்றார். மஞ்சள் நோட்டு சார்தான் முதலில் சிரித்தார். "வாசிச்சதா எடுத்துக்கிட்டாச்சு. உட்காரு. டீ ஆறுது."

உட்கார்ந்தேன். முத்திரை விழுந்தது. பதினோரு பேரும் பிஸ்கட் தின்றபடியே கையெழுத்துப் போட்டார்கள். செயற்கை நுண்ணறிவுக்காரர் மட்டும் ஒரு பக்கத்தைப் புரட்டினார். தன் எட்டு சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மூடிவிட்டார்.

ஜெயித்த மாதிரி இல்லை, அக்கா. சாக்கடையில் விழுந்த சாவியைக் கைவிட்டு எடுத்த மாதிரி இருக்கிறது. சாவி கிடைத்துவிட்டது. கையை இன்னும் கழுவிக்கொண்டிருக்கிறேன்.

உன் தங்கை

ஜூலை 20

அக்காவுக்கு,

நலம். வேலை இல்லாத நலம். மூக்கு ஒழுகுவது நின்றுவிட்டது.

புதிய மணி நேரப் பட்டியலில் பதினாறு பன்னிரண்டாகக் குறைந்ததும் மஞ்சள் நோட்டு சார் அலறிக்கொண்டு ஓடினார். தலைவர் அட்டவணையை அன்றுதான் முதல் தடவையாக வாசித்தார். "யாரைக் கேட்டு இதைப் போட்டே?" என்றார். "கூட்டத்துல வாசிச்சாச்சு, சார். முத்திரை இருக்கு" என்றேன். அவர் முகம் ஊறின பிஸ்கட் மாதிரி ஆனது. ஆய்வுக் குழுவின் கைக்குப் பிரதி போய்விட்டதால் அவரால் எதையும் மாற்ற முடியவில்லை. என் ஆறு மாதத்தை மட்டும் நீட்டிக்கவில்லை.

அருவருப்பின் உச்சம் இனிமேல்தான். குழுவின் தலைவி அந்த ஒரு வரிசையைக் காட்டி, "இவ்வளவு நேர்மையான குறிப்பை எந்தத் துறையிலும் பார்த்ததில்லை" என்றார். நம் துறைத்தலைவர் எழுந்து, "முதல் தலைமுறையாகப் படிக்க வரும் பிள்ளைகள்மேல் எனக்கு எப்போதுமே ஒரு தனி அக்கறை" என்றார். எல்லாரும் கைதட்டினார்கள். நான் தண்ணீர் டம்ளர்களை எடுத்துக்கொண்டிருந்தேன். ஒன்றை அவர் தலையில் கவிழ்க்கவில்லை. அது என் கூச்சமா, நல்ல குணமா என்று இன்னும் தெரியவில்லை.

எனக்கு வீணான அந்த ஒரு வருடம் போனதுதான். உனக்குப் போனதும்தான். உன் வகுப்பு எப்போது?

உன் தங்கை

ஆகஸ்ட் 11

மூஞ்சூறு,

வேலை போனா போகட்டும், உனக்கு அந்த எச்சில் ஃபைல் வேண்டாம். அம்மா கண்ணுக்கு மருந்து தவறாம விடு. நல்லா தூங்கு.

முதல் வகுப்பு போன சனிக்கிழமை. முப்பத்தாறு பேர். என் பக்கத்துல லாரி டிரைவர் ஒருத்தர், முன்னாடி பெஞ்சுல ரெண்டு நர்ஸ். நோட்டுல முதல் வரியா 1110னு எழுதிட்டு, வாத்தியார் யார் வரப்போறாங்கன்னு பார்த்தா, உங்க மஞ்சள் நோட்டு சாரேதான், பஸ்ல வந்து இறங்கியிருக்கார். உன் பழைய நோட்டை மடியில வெச்சுக்கிட்டேன். ஒரு வார்த்தை மாறலை. அவர் பக்கம் திருப்பறதுக்கு முன்னாடி நான் திருப்பினேன்.

எங்களையெல்லாம் ஒரு பார்வை பார்த்துட்டு சொன்னார்: "வருத்தப்படாதீங்க, கணினியில் எண்ணிக்கையே..."

நான் கையைத் தூக்கினேன்.

"என்னம்மா?"

"சார், அது போன வருஷத்து நோட்டு. இது ஆயிரத்து நூத்திப் பத்து."

யாரும் சிரிக்கலை. முப்பத்தஞ்சு பேரும் குனிஞ்சு அவங்கவங்க நோட்டுல எண்ணைப் பார்த்தாங்க. அவரும் தன் நோட்டைக் குனிஞ்சு பார்த்தார். அப்புறம் விரலை நாக்குல தொட்டு, அந்தப் பக்கத்தைத் தள்ளிட்டு அடுத்த பக்கத்துக்குப் போனார்.

விரலை நக்கறது உங்க துறைக்கே வியாதி போல. நான் கடைசி பெஞ்சுக்கு மாறிட்டேன்.

அக்கா